டாக்டர் ஓட்டின வண்டி சார்!

விற்பனைக்கு வருகிற பழைய கார்களையெல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். சந்தேகமிருந்தால் எந்தக் கார் புரோக்கரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "சிங்கிள் ஓனர் சார்! டாக்டர் வண்டி. வீட்லேருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிலேருந்து வீடு... அவ்ளோதான் ஓட்டம்!" என்பார். லேடி டாக்டர் என்றால் விலையில் இன்னும் கொஞ்சம் ஏறும்.

2021-ல் நான் பார்க்கப் போன காரையும் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருந்தார். 230 குதிரை சக்தி உள்ள கார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒருத்தருக்கு எதற்கு ஐயா 230 குதிரை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பெண் பார்க்கப் போனவன் பஜ்ஜியில் உப்பு இருக்கிறதா என்றா பார்ப்பான்?

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். பார்வைக்கு மாமனார் ஓட்டுகிற கார் மாதிரி சாதுவாக நிற்கும். உள்ளே 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 7 வினாடிகூட ஆகாது. 2017-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ஷோரூம் விலையே ஏறக்குறைய 25 லட்சம். அந்த வருஷம் என் சம்பளத்தில் நான் வாங்க முடிந்தது அதன் விளம்பரம் வந்த பத்திரிகையைத்தான்.

எனக்கு இந்தப் பித்து பிடித்ததற்குச் சித்தப்பாதான் காரணம். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களைக் கதை கதையாகச் சொல்லுவார். அப்புறம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினார். அன்றைக்குக் காதில் ஏறிய சத்தம் இன்னும் இறங்கவில்லை. ஆபீஸில் பேலன்ஸ் ஷீட் பார்க்கும்போதுகூட மனசுக்குள் கியர் மாற்றுகிற ஆசாமி நான்.

அந்தச் சிவப்புக் கார் 15 லட்சம் என்றார் புரோக்கர். அதே மாடலுக்கு மற்றவர்கள் என்னிடம் சொன்ன விலை 19, 20. நாலு லட்சம் மிச்சம்! ஏன் மிச்சம் என்று கேட்பவன் புத்திசாலி. நான் "எப்ப வந்து பாக்கலாம்?" என்று கேட்டேன்.

சீட்டுப் பணம், ஆர்.டி., போனஸ் எல்லாம் சேர்த்து 9 லட்சம் தேறியது. மீதிக்கு லோன். அந்த 9 லட்சம் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க என்று வைத்திருந்த பணம். என் மனைவி இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சரி, வாங்கிக்குங்க. இல்லேன்னா அறுபது வயசு வரைக்கும் இதையே சொல்லிட்டிருப்பீங்க" என்றாள். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதற்குத் துணிச்சல் வேண்டும். எடுத்துக்கொண்டேன்.

ஈ.சி.ஆரில் ஓட்டிப் பார்த்தோம். இடது சீட்டில் மனைவி, பின்னால் என் நாலு வயசுப் பெண், பக்கத்தில் புரோக்கர். கோவளம் தாண்டியதும் ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுக்கினேன். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. "இன்னொரு தரம்ப்பா!" என்று கத்தினாள் பெண். மனைவி கூடச் சிரித்துவிட்டாள். கையை எடுத்தால் ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுத்தது. "ரோடு சாய்வு சார், ஒரு அலைன்மென்ட் போட்டா சரியாயிடும்" என்றார் புரோக்கர். அன்று சாயந்திரமே 25,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வாங்கி எண்ணிப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் திருவாய் மலர்ந்தது.

"முன்னாடி ஒரு சின்ன உரசல் சார். பம்பர்ல. சொல்லிடணும் இல்லையா?"

மறுநாள் ஆபீஸில் இதைச் சொன்னபோது நண்பன் ஒருவன் என் முதுகில் தட்டினான். "மிஸ்டர் பீன் தெரியுமில்ல? அவர் காரே ரெண்டு தடவை அடிபட்டதுதான். கடைசியில என்ன விலைக்குப் போச்சு தெரியுமா?"

அவன் சொன்னது நிஜம். மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் 1997-ல் ஒரு மெக்லாரன் எஃப்-1 காரை 5,40,000 பவுண்டுக்கு வாங்கினார். இங்கே பரங்கிமலைக்குப் போவதுபோல அதை அவர் தினசரி வேலைகளுக்கு எடுத்துப் போவார். 1999-ல் ஒருமுறை இடித்தார். 2011-ல் கேம்பிரிட்ஜ்ஷயர் பக்கம் சறுக்கி மரத்தில் மோதியதில் கார் தீப்பிடித்துக்கொண்டது. ரிப்பேருக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்த தொகை 9,10,000 பவுண்டு. காரின் விலையைவிட ரிப்பேர் பில் அதிகம்! ஆனால் 2015-ல் அதே காரை 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மிஸ்டர் பீனே அடிபட்ட வண்டி வைத்திருக்கும்போது நமக்கென்ன! இதே தெம்போடுதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காரை ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கும் பாய் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். கூடவே புரோக்கர், வேண்டா வெறுப்பாக.

பாய் முப்பது வருஷமாக டிங்கரிங் வேலை பார்க்கிறவர். எஞ்சினைக் கிளப்பச் சொல்லுவார், காதை வைத்துக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிளப்பவே இல்லை. ஒரு டீ குடித்து முடிக்கிற வரை தூரத்திலிருந்து காரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் செல்ஃபோன் அளவில் ஒரு கருவியை எடுத்து வந்து காரின் மேல் இங்கேயும் அங்கேயும் வைத்தார். பெயின்ட்டின் கனத்தை அளக்கும் மீட்டர். கணக்கு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கம்பெனி பெயின்ட் சுமாராக 100-லிருந்து 150 வரை இருக்கும். மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் 200, 300. பட்டி பார்த்திருந்தால் அதற்கும் மேலே.

கூரையில் 110. வலது பக்கக் கதவில் 120. இடது ஃபெண்டரில் 260. இடது பக்கம், கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்குகிற முன்பக்கத் தூணில் வைத்தார். 640.

புரோக்கர் வானத்தைப் பார்த்தார்.

"பம்பர்ல உரசல்னீங்க?" என்றார் பாய்.

"ஆமா பாய்... பம்பர் ஓரமா..."

"பம்பர் எப்ப பாய் பில்லருக்கு ஏறிச்சு?"

அதன் பிறகு பாய் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். பானட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டுகளைக் காட்டினார். கம்பெனியில் போல்ட் முடுக்கிய பிறகுதான் பெயின்ட். ஸ்பேனர் பட்டால் முனையில் பெயின்ட் உதிர்ந்துவிடும். இதில் நாலு போல்ட்டில் உதிர்ந்திருந்தது. கதவுக் கண்ணாடிகளில் ஓரமாகப் பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும், அதில் வருஷத்தின் எண்ணும் இருக்கும். எல்லாக் கண்ணாடியிலும் 7. முன் கண்ணாடியில் மட்டும் 9. அதற்குப் பின் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தார். கீழே தைத்திருக்கிற சின்னத் துணியில் தயாரித்த தேதி இருந்தது. இடது பக்க பெல்ட்டில் 2014.

கார் பிறந்தது 2017.

"காரைவிட பெல்ட்டு மூணு வருஷம் பெரிசு" என்றார் பாய், சிரிக்காமல். ஏதோ ஒரு பழைய ஆக்டேவியாவிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இந்தக் கார்களில் பெரிய அடி விழுந்தால் பெல்ட்டுக்குள் ஒரு சின்ன வெடி வெடித்து ஆளைச் சீட்டோடு இறுக்கிப் பிடிக்கும். ஒருமுறை வெடித்த பெல்ட் மறுபடி உதவாது. அதனால்தான் மாற்றியிருக்கிறார்கள்.

பம்பரையும் உள்ளே இருந்த தட்டுகளையும் விலக்கி, எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் முன்னால் நீண்டிருக்கும் இரும்புச் சட்டங்களைக் காட்டினார். சேஸிஸ் லெக் என்கிறார்கள். வலது பக்கச் சட்டத்தில் அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாக, ஒரே இடைவெளியில், ரோபோ வைத்த வெல்டிங் புள்ளிகள். இடது பக்கத்தில் புள்ளிகளே இல்லை. நம்மூர் கேட் வெல்டிங் மாதிரி தடித்த கோடு ஒன்று ஓடியது. தேய்த்து, பெயின்ட் அடித்து, அதன்மேல் கறுப்பு கோட்டிங் பூசியிருந்தார்கள்.

"அடிபடறது தப்பில்ல தம்பி" என்றார் பாய். "பம்பர், ஃபெண்டர், கதவு, பானட்... இதெல்லாம் சட்டை. கிழிஞ்சா வேற சட்டை போட்டுக்கலாம். கம்பெனி பில்லோட, ஒழுங்கா மாட்டியிருந்தா நானே வாங்கிக்கோன்னுவேன். இது எலும்பு. எலும்பை உடைச்சு நாட்டுக்கட்டு போட்டு வெச்சிருக்காங்க."

நாட்டு வைத்தியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாய் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மோதும்போது மடங்கி மடங்கி வேகத்தை உறிஞ்சிக்கொள்வதற்காகவே அந்த முன்சட்டங்களை அளவெடுத்துச் செய்கிறார்கள். முன் மடங்க வேண்டும், ஆள் உட்கார்ந்திருக்கும் கூண்டு மடங்கக் கூடாது. தூண்களுக்குச் சூட்டிலேயே அச்சில் அழுத்திக் குளிர்வித்த உறுதியான எஃகு. அதை ஷெட்டில் கேஸ் விளக்கால் பழுக்கக் காய்ச்சித் தட்டி நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகிவிடும், உறுதி போய்விடும். அடுத்த தடவை எது மடங்கும், எது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாற்பதில் போகிற காரில் இந்தக் குறையோடு பல வருஷம் ஓட்டிவிடலாம். நான் வாங்கப் போனதோ நாற்பதில் போவதற்காக அல்லவே!

இந்த நேரத்தில்தான் என் மனைவியும் பெண்ணும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். காருக்குப் பூஜை போட எலுமிச்சம்பழம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பாய் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். (ஏர்பேக் பக்கம் கை வைப்பதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும். நீங்கள் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.) பிறகு இடது பக்க கிளவ் பாக்ஸைக் கழற்றி எடுத்து, தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"நீயே பாரு தம்பி."

பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. அதுதான் விஷயம். அங்கே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். இடது சீட்டில் உட்காருகிறவருக்கான ஏர்பேக், அதன் உலோகப் பெட்டியோடு அங்கே இருக்க வேண்டும். வெறும் ஓட்டை. ஓட்டையிலிருந்து இரண்டு ஒயர். ஒயர் முனையில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு ரெசிஸ்டர்.

ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் திரிக்கு இரண்டு, மூன்று ஓம் மின்தடை இருக்கும். காரின் கம்ப்யூட்டர் அதை அளந்துதான் 'பை பத்திரமாக இருக்கிறது' என்று முடிவு செய்கிறது. பையே இல்லாவிட்டாலும் அதே அளவு ரெசிஸ்டரைச் சொருகிவிட்டால் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். புது ஏர்பேக், அதற்கான கன்ட்ரோல் யூனிட், டாஷ்போர்டு எல்லாம் மாற்ற லட்சக் கணக்கில் ஆகும். ரெசிஸ்டர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசு.

ஈ.சி.ஆரில் என் மனைவி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த ஓட்டைக்கு எதிரில்தான்.

நான் புரோக்கரைச் சட்டையைப் பிடித்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? சேச்சே, நான் ஆபீஸ் போகிறவன். "என்ன சார் இது?" என்று கேட்டேன். அவர், "சத்தியமா எனக்குத் தெரியாது சார், பார்ட்டி சொன்னதைத்தான் நானும் சொன்னேன்" என்றார். ஒருவேளை நிஜமாகவும் இருக்கலாம். என் மனைவிதான் எலுமிச்சம்பழப் பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அன்னிக்கு இந்த சீட்ல உக்காந்திருந்தவங்க யாருங்க? என்ன ஆச்சு அவங்களுக்கு?"

புரோக்கர் பதில் சொல்லவில்லை. பாய் தன் கையைத் துடைத்துக்கொண்டார். என் பெண் மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் ஏன் காகிதத்தில் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் பாயிடம் கேட்டேன். ரிப்பேர் செலவு, பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கணக்கில் அது 'டோட்டல் லாஸ்'. உரிமையாளருக்குப் பணம் போய்விடும். நசுங்கிய வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் கையெழுத்துப் போட்ட டிரான்ஸ்ஃபர் ஃபாரத்தோடு காரை ஓட்டி ஒட்டிச் சேர்த்து, பாலிஷ் போட்டு விற்றுவிடுவதும் நடக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை குத்திவிடுவார்கள். நம் ஆர்.சி.யில் அதற்கென்று ஓர் இடமே கிடையாது. 'சிங்கிள் ஓனர்' என்பது எழுத்துப்படி உண்மையாகவே இருக்கும்!

ஒரே ஒரு காகிதம் காட்டிக் கொடுத்தது. புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இன்ஷூரன்ஸ் பாலிசி. க்ளெய்ம் வாங்காமல் ஓட்டினால் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. முதல் வருஷம் முடிந்ததும் 20 சதவிகிதம், பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரே கையில், மூன்று வருஷம் 'அடியே படாத' காருக்கு 35 இருக்க வேண்டும். இதில் பூஜ்யம். அந்தப் பாலிசி ஒரு வாரமாக என் ஃபோனில்தான் இருந்தது. நான் தினமும் ராத்திரி திறந்து பார்த்தது காரின் போட்டோவை.

மிஸ்டர் பீன் சமாசாரத்துக்கு வருகிறேன். அவர் காரை ரிப்பேர் செய்தது அதைத் தயாரித்த மெக்லாரன் கம்பெனியே. வேலை ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. என்ன அடிபட்டது, என்ன மாற்றினார்கள் என்பது ஊருக்கே தெரியும். வாங்கியவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கினார். திங்கட்கிழமை இதை என் நண்பனிடம் சொன்னபோது அவன் கேன்டீன் பக்கம் போய்விட்டான்.

இன்னொரு கதையும் அப்போது படித்தேன். ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் 1955 செப்டம்பர் 30-ம் தேதி தன் போர்ஷே ஸ்பைடர் காரில் போகும்போது விபத்தில் இறந்துபோனார். நொறுங்கிய காரின் எஞ்சினையும் வேறு பாகங்களையும் கழற்றி, ரேஸ் பித்துப் பிடித்த இரண்டு பேர் தங்கள் கார்களில் பொருத்திக்கொண்டார்கள். 1956 அக்டோபரில் கலிபோர்னியாவின் பொமோனா நகரில் ஒரே ரேஸில் இருவரும் ஓட்டினார்கள். ஒருவர் மரத்தில் மோதி இறந்தார். காருக்குச் சாபம் என்று அப்புறம் ஏகப்பட்ட கதை கட்டிவிட்டார்கள். எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் என்ன தொழில் பார்த்தவர்கள் தெரியுமோ?

டாக்டர்கள்!

டோக்கன் அட்வான்ஸ் 25,000-ல் 15,000 திரும்பி வந்தது, பதினேழு ஃபோனுக்குப் பிறகு. மீதி பத்தாயிரத்தை டியூஷன் ஃபீஸாக எழுதிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு ஆர்.எஸ். பார்த்தோம். அதுவும் அடிபட்டதுதான். சொந்தக்காரர் வாசலிலேயே நிற்க வைத்து, "முன்பக்கம் நாய் குறுக்கே வந்து இடிச்சேன். பம்பர், ஃபெண்டர், ஒரு ஹெட்லைட் மாத்தியிருக்கு" என்று சொல்லி ஃபைலை நீட்டினார். இடிபட்ட அன்றைக்கு எடுத்த போட்டோ முதற்கொண்டு இருந்தது. பாய் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். விலை 19. ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்றார் அவர். குறைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. எங்களால் முடியவில்லை. பணம் ஃபிளாட்டுக்குப் போய்விட்டது. நான் இன்னும் என் பழைய ஸ்விஃப்ட்டில்தான் போய் வருகிறேன்.

இவ்வளவு நாள் கழித்து இதை எழுதக் காரணம், போன மாதம் ஒரு நாள் சாயந்திரம் சோழிங்கநல்லூர் சிக்னலில் என் பக்கத்தில் வந்து நின்ற சிவப்புக் கார். நம்பர் எனக்கு மனப்பாடம். அதே கார்தான். ஓட்டியவனுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. இடது சீட்டில் ஓர் இளம்பெண், தலையில் மல்லிகைப்பூ, டாஷ்போர்டு மேல் கையை வைத்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டினேன். ஹாரன் அடித்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். நான் ரேஸுக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. என் ஸ்விஃப்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கட்டை விரலை உயர்த்தினான். சிக்னல் விழுந்தது. 230 குதிரையும் பாய்ந்தது. செம்மஞ்சேரி வரை துரத்திப் பார்த்தேன். எங்கே பிடிக்க?

தம்பி, நீ இந்தப் பத்திரிகை படிக்கிற ஆளா என்று தெரியவில்லை. படித்தால், நாளைக்கே ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோய் கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பார்க்கச் சொல். அதுவரைக்கும் அந்தப் பெண்ணைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லப்பா.